அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணுமா? குடிபோகும் முதல் நாளே போனை எடுங்க!

"தம்பி, இந்தச் சுவத்தைப் பாருங்க. நீங்க வரும்போது இப்படியா இருந்துச்சு?"

கணியம்பாடியில் நான் குடியிருந்த மாடி போர்ஷனைக் காலி செய்த அன்னைக்கு ஹவுஸ் ஓனர் கேட்ட கேள்வி இது. ஃப்ரிட்ஜ் இருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் உப்பிக்கொண்டு நின்றது. நான் குடிவந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது? சத்தியமா ஞாபகம் இல்லை. புது பெயின்ட் அடித்திருந்த மாதிரி ஒரு நினைவு. ஓரத்தில் கறை இருந்த மாதிரியும் ஒரு நினைவு. ஓனருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "பளிச்சுனு இருந்துச்சு" என்றார்.

மாச வாடகை 6,000 ரூபாய். ஐந்து மாச வாடகை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தேன். மொத்தம் 30,000. கையில் திரும்ப வந்தது 17,500. பிடித்த 12,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டில் கணக்கும் எழுதிக் கொடுத்தார்:

பெயின்ட் - 6,000
பாத்ரூம் குழாய், பைப் - 1,800
இ.பி. பில் - 1,400
சுவர் ஓதம் - 1,200
சமையல் மேடை டைல்ஸ் கறை - 1,200
ஜன்னல் கொசுவலை - 900

அவர் மோசமான மனுஷர் கிடையாது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பிய வீடு. அதனாலேயே சண்டை போட வாய் வரவில்லை. கீழே சாமான் ஏற்றிய வண்டி நிற்கிறது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். "சரிங்கண்ணா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கிட்டத்தட்ட ரெண்டு மாச வாடகை, அஞ்சு நிமிஷத்தில் போய்விட்டது.

வாடகை வீட்டில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையின் ஒரு வெர்ஷன் இருக்கும். தொகை மாறும், சுவர் மாறும், "வரும்போது இப்படியா இருந்துச்சு?" என்ற கேள்வி மட்டும் மாறாது. அந்தக் கேள்விக்குப் பதில் நம் கையில் இல்லாததுதான் பிரச்னை. அட்வான்ஸ் பணம் காலி பண்ணும் நாளில் குறைவதாக நாம் நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால், அது குடிபோன முதல் நாளிலேயே கைவிட்டுப் போயிருக்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'புது ரூல்'

"இனிமே ரெண்டு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது, புதுச் சட்டம் வந்தாச்சு" என்று அவ்வப்போது ஒரு ஃபார்வர்டு, ஒரு ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கும். அதை நம்பி ஓனரிடம் பேசப் போனால் சங்கடம்தான்.

ரெண்டு மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்திலிருந்து. குடியிருப்புக்கு அதிகபட்சம் ரெண்டு மாச வாடகை, கடை போன்றவற்றுக்கு ஆறு மாச வாடகை என்று அது சொல்கிறது. ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அது ஒரு 'மாதிரி'. நிலம் அரசியலமைப்புப்படி மாநிலப் பட்டியலில் வருவது. ஒரு மாநிலம் அதை எடுத்துத் தன் சட்டமாக ஆக்கினால்தான் அங்கே செல்லும்.

தமிழ்நாட்டுக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் உண்டு. 1960-லிருந்து இருந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர் - குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அட்வான்ஸ் பற்றி அது சொல்வது ரெண்டு விஷயம். ஒன்று, மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்குவது சட்டத்துக்கு விரோதம். ரெண்டு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாச வரம்புக்கு முன்னால் ஒரு சின்னச் சொற்றொடர் நிற்கிறது: வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில். அதாவது ஐந்து மாசம், பத்து மாசம் என்று நீங்களே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கதை வேறு. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சட்டம் நகரத்து வாடகை வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் கணியம்பாடி மாதிரி இடங்களில் வீடு எடுப்பவர்கள், தங்கள் முகவரி எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. சட்டத்தின் கை எட்டும் தூரம் குறையக் குறைய, நம் கையில் இருக்கும் ஆதாரத்தின் மதிப்பு கூடும்.

அந்த 12,500-ஐ மறுபடி கூட்டிப் பார்ப்போம்

யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் ரெண்டாவது அட்டவணை பட்டியல் போட்டே சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குடியிருப்பவர் கெடுத்ததால் வரும் கட்டட ரிப்பேர் மட்டும் விலக்கு. குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு.

இந்த அளவுகோலை என் துண்டுச் சீட்டில் வைத்துப் பார்த்தேன்.

இ.பி. பில் 1,400, என்னுடையது. கொசுவலை 900, என்னுடையது. 1,800-ல் குழாய்க்கு 500, அது என்னுடையது. பைப்புக்கு 1,300, அது ஓனருடையது. பெயின்ட் 6,000, ஓனருடையது. ஓதம் 1,200, அதுவும் கட்டடத்தின் பிரச்னை. ஆக, 12,500-ல் நான் உறுதியாகக் கொடுக்க வேண்டியது 2,800. ஓனர் தன் பையிலிருந்து போட வேண்டியது 8,500. மிச்சமிருக்கும் டைல்ஸ் கறை 1,200 ரூபாய்? அது முதல் நாளில் அந்த மேடை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை. "காலி செய்யும்போது ஒரு மாச வாடகையை பெயின்ட்டுக்குப் பிடித்துக்கொள்ளப்படும்" என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். பொறுப்புகளை ஒப்பந்தத்தில் மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. எனவே அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்க. மூன்று வருஷம் இருந்தால் பெயின்ட் பிடிப்பது ஒரு மாதிரி. பதினோரு மாசத்தில் கிளம்பினாலும் முழுசாகப் பிடிப்பது வேறு மாதிரி. அதைப் பேச வேண்டிய நேரம் சாவி வாங்கும் முன்புதான்.

சட்டம் விட்டுவிட்ட அந்த ஒரு நாள்

வாடகைச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு ஒப்பீடு இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-வது பிரிவு இருக்கிறது. நகரம், கிராமம் என்ற பேச்சே அதில் இல்லை. வீட்டைக் கையில் வாங்கியபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் போக. 2017 சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. தொடக்கத்தில் இருந்த நல்ல நிலை, சாதாரணத் தேய்மானம் போக.

கடைசி நாளை முதல் நாளோடு ஒப்பிட வேண்டும். சரி. கடைசி நாள் கண் முன்னால் இருக்கிறது. முதல் நாள் எங்கே? அதை யார் எழுதி வைத்தது? வாடகை எவ்வளவு, தேதி என்ன, ஆதார் நம்பர் என்ன என்று ஒப்பந்தத்தில் எல்லாம் இருக்கும். வடக்குச் சுவரில் ஓதம் இருந்ததா என்று இருக்காது. அந்தக் காலி இடத்தை நிரப்புவது ஓனரின் ஞாபகம். பணமும் அவர் கையில், ஞாபகமும் அவர் கையில். அப்புறம் கணக்கு வேறு எப்படி வரும்?

நம்ம ஊரின் தட்பவெப்பமும் தண்ணியும் இதில் சேர்ந்துகொள்ளும். வேலூருக்கு 'வெயிலூர்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. கோடையில் காயும் மொட்டைமாடித் தளத்தில் விரிசல் விழும். மழைக்காலத்தில் அதே விரிசல் வழியாகத் தண்ணி இறங்கி மேல் சுவரில் மேப் வரையும். அது நீங்க குடியிருந்ததால் வந்தது கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போனால் பாலாற்றங்கரைத் தண்ணியின் கதை தனி. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பே வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட அந்த வழக்கை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். உப்புத் தண்ணி வரும் வீட்டில் குழாய் சீக்கிரம் அரிக்கும், டைல்ஸில் வெள்ளைக் கறை படியும். தண்ணி செய்த வேலைக்குக் குடியிருந்தவர் அட்வான்ஸில் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பக்கம் வாடகைக்கு வருபவர்களையும் பாருங்க. சி.எம்.சி.யில் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாசக்கணக்கில் தங்கும் குடும்பங்கள். பாகாயம், கணியம்பாடிப் பக்கம் படிக்கும் மாணவர்கள். காட்பாடியில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கும் பசங்க. ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆம்பூரில் ரூம் எடுக்கும் பெண்கள். இவர்களில் பாதிப் பேருக்கு ஓனரின் மொழி வராது. மீதிப் பேருக்கு எதிர்த்துப் பேசும் வயசோ தைரியமோ இருக்காது. ஆனால் எல்லோர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. போட்டோவுக்கு மொழி தேவையில்லை.

மத்த நாட்டில் எப்படிச் சமாளிக்கிறாங்க?

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், அட்வான்ஸை ஓனர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் சேர்த்தாக வேண்டும். தவறினால் அட்வான்ஸ் தொகைக்கு மூன்று மடங்கு வரை அபராதம் போட நீதிமன்றத்தால் முடியும். தகராறு வந்தால் குடியிருந்தவரின் பணம் என்றே தொடங்குவார்கள். பிடிக்க வேண்டிய காரணத்தை ஓனர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு அவருக்கே முதல் நாள் அறிக்கை தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், குடிபோகும்போதே வீட்டு நிலை அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அறை அறையாகப் பார்த்து, ஒத்துக்கொள்ளாத இடங்களைக் குறித்து, 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஜெர்மனியில் 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. பெயின்ட் அடிக்காத வீட்டை வாங்கிக் குடிபோனவர் தலையில், தகுந்த ஈடு எதுவும் கொடுக்காமல், பெயின்ட் வேலையைக் கட்ட முடியாது. ஜப்பானின் அரசு வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே. சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு ஆயுள் ஆறு வருஷம் என்று கணக்கு. ஆறு வருஷம் முடிந்தால் அதன் மதிப்பு ஒரே ஒரு யென். பழசாகிப்போன சுவருக்குப் புதுச் சுவரின் விலை கேட்க முடியாது.

இங்கே அப்படி ஒரு அமைப்பு வரும் வரை, அந்த அறிக்கையை நாமேதான் தயார் செய்துகொள்ள வேண்டும். செலவு ஒன்றும் இல்லை, பத்து நிமிஷ வேலை.

சாமான் இறங்கும் முன் பத்து நிமிஷம்

வீடு காலியாக இருக்கும்போதே எடுங்க. கட்டில், பீரோ வந்துவிட்டால் சுவர் மறைந்துவிடும். பகல் வெளிச்சம் நல்லது.

முதலில் ஒரே வீடியோ. வாசல் கதவு எண்ணிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் எல்லா அறைக்கும் நடந்து போங்க. தொடங்கும்போது தேதியை வாய்விட்டுச் சொல்லுங்க. வெட்டி ஒட்டாத ஒரே வீடியோ என்றால் அதன் மேல் சந்தேகம் வருவது கஷ்டம்.

அப்புறம் போட்டோ. ஒவ்வொரு குறைக்கும் ரெண்டு படம். தூரத்திலிருந்து ஒன்று, எந்த அறை, எந்தச் சுவர் என்று தெரிய. கிட்டத்திலிருந்து ஒன்று, எவ்வளவு பெருசு என்று தெரிய. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு புரியும்.

மேலேயும் கீழேயும் பாருங்க. சீலிங் மூலை, ஜன்னலுக்குக் கீழ், பாத்ரூமை ஒட்டிய அறைச் சுவர். ஓதம் எப்பவும் இங்கேதான் ஒளிந்திருக்கும். வாஷ்பேசின் விரிசல், சமையல் மேடை, சிங்க் அடியில் பைப், கதவின் கீழ் விளிம்பு, அலமாரிக் கதவு, கொசுவலை எதையும் விட வேண்டாம்.

ஓட விட்டுப் பாருங்க. எல்லாக் குழாயையும் திறந்து, ஃப்ளஷ் அழுத்தி, ஃபேன், லைட், பிளக் பாயின்ட், மோட்டார் எல்லாம் போட்டு வீடியோவில் காட்டுங்க. கெட்டுப்போன சுவிட்ச் போட்டோவில் நல்ல சுவிட்ச் மாதிரியேதான் தெரியும்.

இ.பி. மீட்டர். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கும் ஊர் இது. நடுவில் குடிபோனால் முன்னால் இருந்தவர் எரித்த கரண்டும் உங்க தலையில் விழலாம். நம்பர் தெளிவாகத் தெரியுற மாதிரி ஒரு படம். சப்-மீட்டர் இருந்தால் அதற்கும் ஒன்று.

சாவி. எத்தனை சாவி கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு படம்.

பக்கத்து போர்ஷன்காரர்களோ ஓனர் வீட்டு ஆட்களோ படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்க. அது மரியாதையும்கூட.

எடுத்தா போதாது, அனுப்பணும்

உங்க போனிலேயே கிடக்கும் போட்டோ பாதி ஆதாரம்தான். "இது எப்ப எடுத்ததோ" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். அன்னைக்கே ஓனருக்கு அனுப்பிவிட்டால் கதை மாறும்.

எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். இப்படி ஒரு மெசேஜ் போதும்:

"வணக்கம் அண்ணா. இன்னைக்குச் சாவி வாங்கிக்கிட்டேன், ரொம்ப நன்றி. வீடு இப்ப இருக்கிற நிலையை உங்க பார்வைக்கும் அனுப்பறேன். ஹால் வடக்குச் சுவரில் ஓதம் இருக்கு. வாஷ்பேசின் ஓரம் கீறல். சமையல் ஜன்னல் கொசுவலை ரெண்டு இடத்தில் கிழிஞ்சிருக்கு. மீட்டர் ரீடிங் 4312. சாவி 3. ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்கண்ணா."

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் "சரி தம்பி" என்று ரெண்டு வார்த்தை பதில் போட்டால், அந்த ரெண்டு வார்த்தை பின்னால் பல ஆயிரம் ரூபாய் பெறும். வயசான ஓனர், வாட்ஸ்அப் இல்லை என்றால் ஒரு தாளில் அறைவாரியாக எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்க.

வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அசல் ஃபைல் அப்படியே போகும். தானாக அழியும் மெசேஜ் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்க, இருந்தால் ஆஃப் செய்யுங்க. ஒரு பிரதி உங்க இமெயிலுக்கும் போகட்டும். போன் தொலைந்தாலும் முதல் நாள் தொலையாது.

விவகாரம் நீதிமன்றம் வரை போனால், போட்டோவும் சாட்டும் மின்னணு ஆவணம் என்ற கணக்கில் வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி அதற்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அசல் ஃபைலை அழிக்காமல் வைத்திருப்பது மட்டும் நம் வேலை.

அட்வான்ஸ் பணத்தையும் முடிந்தவரை பேங்க் வழியாகவோ யு.பி.ஐ.யிலோ கொடுங்க. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது வாங்குங்க. நண்பர்கள் சேர்ந்து வீடு எடுத்தால் யார் எவ்வளவு போட்டது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். போக்கியத்துக்கு வீடு எடுப்பவர்களுக்கு இதெல்லாம் ரெண்டு மடங்கு முக்கியம். மாச வாடகை இல்லை என்ற சந்தோஷத்தில் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு சாதாரணத் தாளோடு நிற்பவர்கள் நிறைய. அங்கே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பணத்தைக் கொடுக்கவே கூடாது.

இருக்கும்போதும், கிளம்பும்போதும்

நடுவில் ஏதாவது ஒழுகினால் அன்னைக்கே படத்தோடு மெசேஜ் போடுங்க. சொல்லாமல் விட்ட சின்ன ஒழுகல் பெரிய சேதமானால், "ஏன் அப்பவே சொல்லலை?" என்ற கேள்வி நியாயமானது.

காலி செய்யும்போது சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, அதே வரிசையில், அதே கோணத்தில் மறுபடி ஒரு வீடியோ எடுங்க. முடிந்தால் ஓனரையும் கூட வைத்துக்கொண்டு நடந்து பாருங்க. மீட்டர் ரீடிங், திருப்பிக் கொடுத்த சாவி ரெண்டையும் படம் எடுத்து அனுப்புங்க. எதற்கு எவ்வளவு பிடிக்கிறார் என்பதை எழுத்தில், முடிந்தால் பில்லோடு கேளுங்க. வண்டி வாசலில் நிற்கும்போது கணக்குப் பேசாதீங்க. அந்த நேரத்தில் நாம் எதற்கும் தலையாட்டுவோம். என் கதை தெரியுமே!

கொடுக்க மாட்டேன்னு சொன்னா?

முதல் மெசேஜில் கோபம் வேண்டாம். முதல் நாள் படத்தையும் கடைசி நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்க. நிறைய தகராறு இங்கேயே முடியும். முடியவில்லை என்றால், எவ்வளவு வர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்.

அதற்கும் அசையவில்லை என்றால், 2017 சட்டத்தின் கீழ் வரும் வீடாக இருந்து, ஒப்பந்தமும் அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவாகியிருந்தால் உங்க பாதை சுலபம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி வாடகை ஆணையமாக இருக்கிறார். அதற்கு மேல் வாடகை நீதிமன்றம் உண்டு. பதிவு இல்லாத வீடு என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை மறந்துவிடாதீங்க. வேலூர்க்காரர்களுக்கு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டம் என்பதையும் நினைவில் வையுங்க. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி கிடைக்க 1987-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. தோல் கம்பெனி, ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

ஓனருக்கும் இது நல்லதுதான்

ஓனர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் குடும்பங்கள் நம்ம தெருவிலேயே இருக்கின்றன. மூன்று மாச இ.பி. பாக்கி, உடைந்த கதவு என்று விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய ஆட்களைப் பார்த்துப் பயந்துதான் அவர்களும் அட்வான்ஸை இறுக்கிப் பிடிக்கிறார்கள். முதல் நாள் வீடியோ அவர்களுக்கும் சாட்சி. கதவு அன்னைக்கு முழுசாக இருந்தது என்று அதுவும்தான் சொல்லும்.

அரசும் ஒரு சின்ன வேலை செய்யலாம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க வீட்டு நிலைப் பட்டியலையும் சில படங்களையும் இணைப்பதைக் கட்டாயமாக்கலாம். கடைசி நாளை முதல் நாளோடு ஒப்பிடச் சொல்லும் சட்டம், முதல் நாளைப் பத்திரமாக வைக்கவும் ஒரு இடம் தர வேண்டாமா?

கணியம்பாடியை விட்டு வந்த பிறகு எடுத்த அடுத்த வீட்டில், சாவி வாங்கிய அன்னைக்கே வீடியோ எடுத்தேன். "என்னப்பா, சினிமா எடுக்கிறியா?" என்று ஓனர் சிரித்தார். அனுப்பி வைத்தேன். கட்டைவிரல் எமோஜி ஒன்று வந்தது. ரெண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது பாத்ரூம் பக்கத்துச் சுவரைக் காட்டி அதே கேள்வியை இவரும் கேட்டார். போனைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட, அப்பவே இருந்திருக்குதே!" என்றார். அவ்வளவுதான். சட்டப் பிரிவு எதையும் நான் வாயில் எடுக்கவே இல்லை.

கொசுவலைக்கு மட்டும் 700 ரூபாய் பிடித்தார். அது நான் கிழித்ததுதான்.